குழாய்க்குத்தான் காய்ச்சல்

என் தம்பிக்கு எங்கள் வீட்டில் விஞ்ஞானி என்று பேர். ஐந்து வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பினான். திரும்பப் பூட்ட அவனாலும் முடியவில்லை, கடைக்காரராலும் முடியவில்லை. அன்றைக்கு அம்மா வைத்த பட்டம் அது. அதே காரியத்தை நான் செய்திருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கைக்கு இரண்டு குஞ்சு. அதில் ஒன்று மட்டும்தான் பொன்.

பொன் இல்லாத நான் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருஷமாக அந்த ஈரத் தரையில் நிற்கிறேன். எங்களிடம் இரண்டு பெரிய மெஷின்கள். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை உடுப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். அவற்றில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். விதி ஒன்றே ஒன்றுதான். அறுபத்தைந்து டிகிரி சூட்டில் பத்து நிமிஷம் துணி ஊற வேண்டும். அதற்குக் கீழே போனால் கறை போகும், கிருமி போகாது. பார்க்க வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரின் சூட்டைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் நிம்மதியாகக் கத்தியை எடுக்கிறார்கள்.

முன்பு ஒரு பாய்லர் இருந்தது. கிழட்டுப் பாய்லர். பெருமூச்சு விடும், கத்தும், சமயத்தில் ஒழுகும். ஆனால் எண்பது டிகிரி வேண்டும் என்றால் எண்பது கொடுக்கும். அதை எடுத்துவிட்டு நவீனமாக ஒன்று வைக்கலாம் என்று நிர்வாக அதிகாரி முடிவு செய்தார். பன்னிரண்டு மீட்டர் நீளக் குழாய். அதைச் சுற்றி மின்சாரச் சூட்டு நாடா. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் உள்ளே போகும், அந்தச் சூட்டில் ஓடி, மறுபக்கம் வெந்நீராக வெளியே வரும். பாய்லரும் வேண்டாம், பாய்லர்காரரும் வேண்டாம். ஒப்பந்தம் எடுத்த நிறுவனம், தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் பொறுப்பை ஒரு புது எஞ்சினியரிடம் கொடுத்தது.

அந்தப் புது எஞ்சினியர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

தம்பி அப்போது ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருந்தான். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். நிரந்தரம் ஆனதும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். முப்பத்து மூன்று வயது, பார்த்த ஏழாவது பெண். அம்மா அதற்குள் அழைப்பிதழுக்குக் காகிதம் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

இங்கே நிர்வாக அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பேர் நூல்சார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. ‘குழாயை நூல் அளவே திறக்கவும்’ என்று அச்சடித்து, கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு குழாய்க்கு மேலேயும் ஒட்டினார். தட்டுப்பாடு ஒரே மாதத்தில் போய்விட்டது, ஒட்டினது போகவில்லை. அவரே சுற்றி வந்து சோதிப்பார். கொஞ்சம் தடிமனாகத் தண்ணீர் விழுந்தால் ஓலை வரும். எங்கள் மருத்துவர்கள் சோப்பு நுரையைக் கழுவ ஐந்து நிமிஷம் நிற்பார்கள், தவம் மாதிரி. எனக்கே கை பழகிவிட்டது. வீட்டில் அப்படித் திறந்தால் என் கணவர், “பக்கெட் ரொம்பறதுக்குள்ள நான் வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்பார்.

மதிப்பீட்டுக்கு அளவு எடுக்கத் தம்பி ஒரு காலை வேளையில் வந்தான். புது ஷூ, தோளில் கணினிப் பை, கையில் பத்து லிட்டர் வாளி.

“ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி ஓடும்னு தெரியணும் சார். அதுதான் முக்கியம். அது தெரிஞ்சா மத்ததெல்லாம் சூத்திரம் பாத்துக்கும்” என்றான்.

அது வரைக்கும் சரிதான். இன்றைக்கும் சொல்கிறேன், அது வரைக்கும் அவன் சொன்னதில் தப்பே இல்லை.

“நானே திறக்கறேன்” என்று கை கழுவும் குழாய்ப் பக்கம் போனார் நூல்சார்.

திறந்தார். எப்படித் திறப்பார்? நூல் அளவுதான். தம்பி வாளியை வைத்து நேரம் பார்த்தான். வாளி நிரம்ப நூறு விநாடி ஆனது. நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் என்று எழுதிக்கொண்டான்.

“பாத்தீங்களா எவ்வளவு சிக்கனம்!” என்றார் நூல்சார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “டேய், அது கை கழுவற குழாய்டா. மெஷின் இப்படிச் சொட்டு சொட்டாக் குடிக்காது. வால்வு திறந்தா மடமடன்னு இழுக்கும்” என்றேன்.

“அக்கா, அளந்தாச்சு. அளந்ததுக்கு அப்புறம் அபிப்பிராயம் கிடையாது.”

“அபிப்பிராயம் இல்லடா, நான் தினம் பாக்கறேன்.”

“உங்க அனுபவத்தை நாங்க மதிக்கறோம்மா” என்றார் நூல்சார். இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் என் ஈரத் தரைக்குத் திரும்பிவிட்டேன்.

மதிப்பீடு முப்பத்திரண்டு பக்கம் வந்தது. வண்ணப் படங்கள், வளைகோடுகள், அம்புக்குறிகள். சாரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. உள்ளே வரும் தண்ணீர் இருபத்து நான்கு டிகிரி. குழாய் கொடுக்கும் சூடு பதினெட்டுக் கிலோவாட். தண்ணீர் நாற்பத்து மூன்று டிகிரி ஏறும். வெளியே வரும்போது அறுபத்தேழு. கேட்டதற்கு மேல் இரண்டு டிகிரி கூடுதலாகவே தருகிறோம் என்று நூல்சார் கூட்டத்தில் அறிவித்தாராம். அம்மா அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள். அவளுக்கு அதில் ஒரு வரி புரியாது. படத்தைக் காட்டுவாள்.

திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்தார்கள். நூல்சார் ரிப்பன் வெட்டினார், பிறகு குழாய்க் கடைசியில் இருந்த சின்னத் திருகைத் தன் கையாலேயே நூல் அளவு திறந்தார். ஆவி பறந்தது. விரலை நீட்டி, “ஆ!” என்று கத்திவிட்டுச் சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான்தான் தப்போ என்றுகூட நினைத்தேன். அன்று பிற்பகலே பழைய பாய்லரைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் சுற்று. வால்வு திறந்தது. மெஷின் தண்ணீரை இழுத்த இழுப்பில் குழாய் அதிர்ந்தது. நான் மாதிரி எடுக்கும் திருகைத் திறந்து கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினால் அது அழும், அப்படி ஒரு வெந்நீர்.

தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். சுவரில் பொருத்தியிருந்த திரையைக் காட்டினான். அதில் சிவப்பு எழுத்தில் அறுபத்தெட்டு என்று எரிந்தது.

“சரியாத்தானேக்கா இருக்கு?”

“கையை வெச்சுப் பாருடா.”

“கை ஒரு கருவி இல்லக்கா.”

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கருவியை அவன் கன்னத்தில் வைத்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, திரைக்குச் சூடு சொல்லும் கம்பி எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தேன். அது தண்ணீருக்குள் போகவில்லை. குழாயின் வெளிப்பக்கம், சூட்டு நாடாவுக்கு அடியில் செருகியிருந்தார்கள்.

“இது குழாயோட சூடுடா! குழாய்க்குத்தான் காய்ச்சல் அடிக்குது. தண்ணி பாட்டுக்குப் போயிட்டிருக்கு!”

சும்மா சொன்னால் நம்பமாட்டான் என்று பக்கத்து வார்டு நர்ஸிடம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வாங்கிவந்தேன். தண்ணீரில் விட்டால் அது ‘குறைவு’ என்று மட்டும் காட்டியது. மனுஷ உடம்புச் சூடுகூட இல்லை என்று அர்த்தம். பிறகு மருத்துவமனைச் சமையலறைக்குப் போய், பாலின் சூட்டைப் பார்க்கிற நீளமான தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிவந்தேன். அது சொன்னது: முப்பது.

தம்பியின் முகம் மாறியது. உட்கார்ந்தான். நோட்டை எடுத்தான்.

“மெஷின் ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணி எடுக்கும்?”

“இருநூத்து நாப்பது லிட்டர். ஆறு நிமிஷத்துல.”

“அப்ப நிமிஷத்துக்கு நாப்பது...” என்று முணுமுணுத்தான். பேனா நின்றுவிட்டது.

அவனுக்குச் சூத்திரம் வேண்டும். எனக்கு வேண்டாம். ஒரு கரண்டிச் சர்க்கரையை ஒரு டம்ளரில் போட்டால் இனிக்கும். அதே கரண்டியை ஒரு குடத்தில் போட்டால்? குழாய் கொடுப்பது நிமிஷத்துக்கு ஒரே ஒரு கரண்டிச் சூடு. அதை ஆறு லிட்டர் பங்குபோட்டுக்கொண்டால் ஆளுக்கு நாற்பத்து மூன்று டிகிரி. நாற்பது லிட்டர் பங்குபோட்டுக்கொண்டால் ஆறே சொச்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

“சூத்திரம் சரிதான்க்கா” என்றான், கடைசியில்.

“சூத்திரத்துக்கு என்னடா குறைச்சல்? அதுல நூல்சார் கையைப் போட்டிருக்கே, மெஷினோட வாயைப் போட்டிருக்கணும்.”

அவன் சிரிக்கவில்லை. சரிசெய்ய வழி இருக்கிறதா என்று அரைமணி நேரம் கணக்குப் போட்டான். மெஷினுக்கு நூல் அளவு தண்ணீர் விட்டால் சூடு வரும், ஆனால் ஒரு தடவை நிரம்ப நாற்பது நிமிஷம் ஆகும். பத்து நிமிஷத்தில் நிரம்பாவிட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் ஆறரை மடங்கு மின்சாரம் வேண்டும். அதைத் தாங்கும் கம்பி அந்தக் கட்டடத்திலேயே இல்லை. ஆக, எடுத்த காரியம் தப்பு என்று ஒப்புக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அதற்கு எந்த மின்சாரமும் தேவையில்லை. ஆனால் அவன் இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

இரண்டு பேருமாக நூல்சாரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“திரை என்ன காட்டுது?”

“அறுபத்தெட்டு சார். ஆனா அது...”

“திரை அங்கீகரிக்கப்பட்ட கருவி. பதிவேட்டுக்கு அது போதும். ஏம்மா, நீங்க பால் காய்ச்சற தெர்மாமீட்டரை வெச்சு ஒரு மருத்துவமனையை எடை போடுவீங்களா?”

“சார், தண்ணி சுடல சார்.”

அவர் யோசித்தார். “அப்ப மெஷின்தான் அதிகமாத் தண்ணி எடுக்குது. நூல் அளவு விதி மெஷினுக்கும் பொருந்தும்தானே?” என்றார்.

அன்று மாலை இரண்டு மெஷின்களின் நெற்றியிலும் ஒட்டிவிட்டார்கள்: ‘நூல் அளவே திறக்கவும்.’ ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே மெஷினுக்கு மட்டும் படிக்கத் தெரிந்திருந்தால் அது தலையில் அடித்துக்கொண்டிருக்கும்.

நான் முடிவு செய்துவிட்டேன். பதிவேட்டில் முப்பது என்று எழுதுவேன், எழுதினால் சலவை நிற்கும், நின்றால்தான் யாராவது கண் திறப்பார்கள். இதைத் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி அம்மாவிடம் போயிருந்தது.

அம்மாவுக்கு அப்போது பித்தப்பையில் கல். நிமிர்ந்து உட்கார முடியாது. ஆனால் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி, உன் கூடப் பிறந்தவன்டி அவன். அவன் வாழ்க்கையில மண்ணைப் போடறதுக்கா உன்னைப் பெத்தேன்?”

“அம்மா, ஜனங்க படுக்கற துணிம்மா அது.”

“எப்பவும் வெள்ளையாத்தானே இருக்கு? இன்னும் ஒரு மாசம். நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் அவனே ஏதாவது கண்டுபிடிப்பான். அவன் விஞ்ஞானிடி.”

கடிகாரத்தை ஞாபகப்படுத்தலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வலியால் அழுகிறாளா, மகனுக்காக அழுகிறாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூலையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முப்பத்து மூன்று வயது ஆள், நகத்தைக் கடித்துக்கொண்டு.

எழுதினேன். அறுபத்தைந்து என்று எழுதினேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் இவ்வளவு நேரம் கிழித்தேனே, என்னையும் கிழித்துவிடுகிறேன். நாளுக்குப் பதினான்கு சுற்று, பதினோரு நாள். நூற்று ஐம்பத்து நான்கு தடவை என் கையால் அறுபத்தைந்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். நாலாம் நாள் சாத்தவில்லை. ஏழாம் நாள் மெஷின் நிரம்புவதற்கு முன்னாலேயே எழுதிவைத்தேன்.

துணி மடிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வெள்ளந்தி. ஒரு நாள் கேட்டாள்: “ஏங்க்கா, முன்னாடியெல்லாம் துணியை எடுத்தா கை சுடும். இப்ப சுடவே மாட்டேங்குது. அப்ப இது நல்லதுங்களாக்கா?”

“வேலையைப் பாரு” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

பத்தாம் நாள், தெர்மாமீட்டர் கொடுத்த அந்த நர்ஸை வழியில் பார்த்தேன். இந்த வாரம் மூன்று பேருக்குத் தையல் பழுத்திருக்கிறது என்றாள். வழக்கமாக ஒருவருக்கு வரும், சில வாரம் ஒருவருக்கும் வராது என்றாள். காரணம் கேட்டேன். ஆயிரம் காரணம் இருக்கும், யார் கண்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அது என் அறுபத்தைந்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் அம்மாவை அதே மருத்துவமனையில் சேர்த்தோம். ஊழியரின் தாய் என்பதால் உடனே படுக்கை கிடைத்தது. அதற்கும் மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

அந்தக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அலமாரியைத் திறந்தேன். முந்தின இரவே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைத்து, சூடாகத் தேய்த்து வைத்திருந்த இரண்டு படுக்கை விரிப்பையும் ஒரு தலையணை உறையையும் பையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் துவைக்கும்போது யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வார்டுக்குள் நுழைந்தேன். அம்மாவின் கட்டில் அருகே தம்பி நின்றான். மருத்துவமனை விரிப்பை உருவித் தரையில் தள்ளிவிட்டு, சின்னச் சின்ன நீலப்பூ போட்ட ஒரு வீட்டு விரிப்பை மெத்தையின் மூலையில் செருகிக்கொண்டிருந்தான். இன்னொன்று அவன் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பக்கம் எழுதினவனும் நூற்று ஐம்பத்து நான்கு தடவை கையெழுத்துப் போட்டவளும், பெற்ற தாய்க்கு அந்தச் சலவையை நம்பவில்லை. என் வாயில் ஒரு வசவும் வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்தல்லவா வந்திருக்க வேண்டும்?

“ரெண்டு பேரும் ஏன் பெட்ஷீட்டைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? இங்க இல்லையா என்ன?” என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல்.

அடுத்த கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முந்தின நாள் வயிற்றில் தையல் போட்டிருந்தார்கள். கழுத்துவரைக்கும் எங்கள் சலவைக்கூட விரிப்பு, நல்ல வெள்ளை. அவள் தலையைத் திருப்பி எங்கள் பைகளைப் பார்த்தாள், முகம் கலவரமாகிவிட்டது.

“வீட்லேர்ந்து கொண்டு வரணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையேம்மா” என்றாள். “சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்திருப்பாரே. இப்ப ஒண்ணும் தப்பில்லையே?”

எங்கள்மேல் குற்றமாக அவள் கேட்கவில்லை. தான் ஏதோ விதியை மீறிவிட்டோமோ என்ற பயத்தில் கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் பையைத் திறந்து, என் விரிப்பு இரண்டையும் அவள் கட்டிலில் வைத்தேன். நர்ஸைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். ஒரு இரவு முழுவதும் படுத்த பிறகு மாற்றி என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தெரியும். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“வாடா” என்றேன்.

“அக்கா...”

“வான்னு சொன்னேன்.”

சலவைக்கூடத்தில் மெஷின் நிரம்பிக்கொண்டிருந்தது. பால் தெர்மாமீட்டரை அவன் கையில் கொடுத்தேன். திருகைத் திறந்தான், பிடித்தான், நின்றான்.

“எவ்வளவு?”

“நீ எழுதிட்டா நான் முடிஞ்சேன்க்கா. வேலை போச்சு, கல்யாணம் போச்சு.”

“தெரியும். எவ்வளவுன்னு கேட்டேன்.”

“முப்பது.”

எழுதினேன். முந்தின பக்கங்களைப் புரட்டி, பதினோரு பக்கத்திலும் குறுக்கே ‘இது தண்ணீரின் சூடு அல்ல, உண்மையில் முப்பது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மெஷினையும் நிறுத்தினேன். தம்பி பேனாவை என் கையிலிருந்து வாங்கி, முப்பதுக்குக் கீழே ‘கணக்குப் போட்டவன்’ என்று எழுதித் தன் பேரையும் எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவனை நான் பெருமையாகப் பார்த்த இரண்டாவது தடவை அது. முதல் தடவை ஏமாந்து பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்களே ஊகிக்கக்கூடியதுதான். அறுவை சிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வாடகைப் பாய்லர் வந்து வாசலில் நின்று பெருமூச்சு விட்டது. அம்மாவுக்கு அடுத்த வாரம் சிகிச்சை நடந்தது, தேறிவிட்டாள். தம்பியை நிறுவனம் வெளியே அனுப்பியது. பெண்ணின் அப்பா தொலைபேசியை எடுப்பதில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் என் கணவரிடம், “உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க” என்கிறாள். நடந்ததை விசாரிக்க மூன்று பேர் குழு போட்டார்கள், தலைவர் நூல்சார்.

அடுத்த கட்டில் பெண்ணின் தையல் பழுத்துவிட்டது. பதினாறு நாள் கிடந்தாள். நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நீங்க பெட்ஷீட் குடுத்தீங்க, மறக்கவே மாட்டேன்” என்றாள். ஒரு நாள்கூட என்னால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியவில்லை.

குழுவின் மெமோ போன வாரம் வந்தது. தாங்கள் பதினோரு நாட்களில் நூற்று ஐம்பத்து நான்கு முறை, உண்மைக்கு மாறான வெப்பநிலையைத் தங்கள் கைப்பட எழுதியுள்ளீர்கள், இதற்கு விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். பதிவேட்டுக்குத் திரை போதும் என்று சொன்னது நூல்சார்தான் என்று விளக்கலாம். மெஷின் நெற்றியில் ஒட்டியதைக் கிழித்து அத்தாட்சியாக வைக்கலாம். என் கணவர் ராத்திரி சாப்பாட்டின்போது இதைத்தான் சொன்னார்: “காரணத்தை எழுதும்மா. உன் பக்கம் நியாயம் இருக்கு.”

இருக்கிறது. நிறைய இருக்கிறது. தம்பியின் வேலை, அம்மாவின் கண்ணீர், மேலதிகாரியின் உத்தரவு என்று வரிசையாக எழுதலாம். அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் நின்று அதில் எந்த ஒன்றைச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

பதில் எழுத ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலையே கொடுத்துவிட்டேன். ஒரு வரிதான்: ‘ஆமாம், எழுதினேன்.’